முதல் வீணை வாங்கப் போகிறீர்களா? யாளியை அப்புறம் பாருங்கள், மெட்டை முதலில் கேளுங்கள்!

விஜயதசமி நெருங்கினால் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும்: "பாப்பாவை வீணையில் சேர்த்துவிடலாமா?" ஆசிரியரைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். எந்த வீணை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

கடைக்குப் போனதும் கண்ணைப் பறிப்பது யாளி முகமும் குடத்தின் மேல் உள்ள பூ வேலைப்பாடும்தான். விலையை ஏற்றுவதும் அவைதான். கற்றுக்கொள்ளும் பிள்ளையின் காதுக்கு அவற்றால் பயன் இல்லை. மெட்டு சரியில்லாத வீணையில், சரியான இடத்தில் விரல் வைத்தாலும் ஸ்வரம் பிசகும். குறை வீணையில் இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது. 'எனக்கு வரவே வராது' என்று ஒதுங்கிவிடும். பிறகு அந்த வீணை கொலுவுக்கு மட்டும்தான்!

மெழுகில் இருக்கிறது விஷயம்

வீணையில் 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. 17-ம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்பு நிலைபெற்றதாகச் சொல்வார்கள். கிடாரைப் போல இவை மரத்தில் பதிக்கப்படுவதில்லை. தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த கறுப்பு மெழுகின் மேல், ஸ்வரத்தைக் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். இதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். வெயிலில் மெழுகு இளகினால் மெட்டும் நகர்ந்துவிடும். திருச்சி வெயிலில் மொட்டைமாடி அறை, ஜன்னலோரம், மூடிய கார் ஆகிய மூன்றும் வீணைக்கு ஆகாது.

கடையிலேயே செய்து பார்க்கலாம்

* முதல் தந்தியான சாரணியை மெட்டில் கை வைக்காமல் மீட்டுங்கள். பிறகு 12-வது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். 7-வது மெட்டில் பஞ்சமம் பேச வேண்டும். போனில் இருக்கும் டியூனர் ஆப் இதற்குப் போதும்.

* 24 மெட்டுகளையும் ஒன்று விடாமல் மீட்டுங்கள். எங்காவது கரகரத்தால் காரணம் கேளுங்கள்.

* வாசிக்கும் தந்தி 4, தாளத் தந்தி 3. ஏழின் பிரடைகளும் திருகிய இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நழுவினால் தினமும் சுருதி சேர்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

* பிள்ளையைத் தரையில் சம்மணமிட்டு உட்கார வைத்து, சுரைக்காயை இடது தொடையில் சாய்த்துப் பாருங்கள். இடது கை முதல் மெட்டை எட்டாவிட்டால், சிறிய அளவு வீணை கேளுங்கள்.

ஏகாந்தமா, ஒட்டா?

'ஏகாந்தம்' ஸ்ரீரங்கத்துக்குப் புதிய சொல் அல்ல. வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் நம்பெருமாள் இரவில் மூலஸ்தானம் திரும்பும்போது நடப்பது 'வீணை ஏகாந்தம்'. கடையில் இதற்குப் பொருள் வேறு. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே பலா மரத்துண்டில் குடைந்து செய்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்த வீணைக்கு மதிப்பும் விலையும் அதிகம். சரளி வரிசை தொடங்கும் பிள்ளைக்கு, மேளம் ஒழுங்காகக் கட்டிய ஒட்டு வீணையே தாராளம்.

தஞ்சாவூர் பக்கத்தில்தான்!

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பிறக்கும் ஊர், திருச்சியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர்தான். ஆன்லைனில் படம் பார்த்து ஆர்டர் போடுவதைவிட, ஆசிரியரையோ வாசிக்கத் தெரிந்த ஒருவரையோ அழைத்துக்கொண்டு பட்டறைக்கே போய்வரலாம். பின்னாளில் மேளம் கட்ட யாரிடம் போவது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அதற்கும் முன்னால் சொந்தபந்தங்களிடம் விசாரியுங்கள். பாட்டியின் வீணை ஏதாவது ஒரு வீட்டில் உறையோடு சாத்தி வைக்கப்பட்டிருக்கலாம். தண்டி வளையாமல், குடத்தில் விரிசல் இல்லாமல் இருந்தால், புதுத் தந்தி போட்டு, மேளம் கட்டினால் போதும். பழைய வீணையாயிற்றே என்று தயங்க வேண்டாம். மெழுகும் தந்தியும் எந்த வீணைக்கும் அவ்வப்போது மாற்ற வேண்டியவைதான்.