மூழ்கிய நெற்பயிருக்கு மூச்சு முட்டுவது ஏன்?

நெல் விதையை ஊற வைத்து, சாக்கில் கட்டி, மறுநாள் மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். வெயிலே படாத மூலையில் வைத்தாலும் அந்தச் சூடு உண்டு. விதை சுவாசிப்பதால் வரும் சூடு அது.

பயிரின் ஒவ்வோர் உயிரணுவும் இரவு பகலாகப் பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையை எரித்துச் சக்தி பெறுகிறது. வேர் விடவும், உரத்தை உறிஞ்சவும் அதுவே வேண்டும். காற்று கிடைத்தால், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் சுமார் 30 கிடைக்கும். காற்று இல்லாவிட்டால் 2 தான். மீதி சாராயமாகப் போய்விடும். முப்பது ரூபாய்ச் சரக்கை இரண்டு ரூபாய்க்குத் தள்ளிவிடுவது போன்ற நஷ்டம் இது. நாற்றங்காலில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் முளை மட்டும் நீண்டு, வேர் பிடிக்காமல் மிதப்பதும் இதனால்தான்.

அப்படியானால் நெல் எப்படித் தண்ணீரில் நிற்கிறது? அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உள்ளன. இலை நுனி நீருக்கு மேல் இருக்கும்வரை வேருக்குக் காற்று இறங்கும். நுனியும் மூழ்கினால்தான் ஆபத்து.

மூலக்குளத்தில் வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. அதற்கப்பால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல் விவசாயம் தொடர்கிறது. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, இப்பகுதி வயல்கள் மூழ்கின. கலங்கல் நீருக்குள் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. சாதாரண ரகங்கள் மேலே எட்டிப் பார்க்க நீண்டு, சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழிக்கின்றன. நீர் வடிந்ததும் துவண்டு சாய்கின்றன.

ஒடிசாவின் பழைய நெல் வகை ஒன்று வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமிக்கும். அதற்குக் காரணமான சப் 1 ஏ மரபணு 2006இல் கண்டறியப்பட்டது. அதைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர்.1009 சப் 1 சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். ஆனால் நீண்ட கால ரகம்; ஆகஸ்டில் விதைக்க முடிந்தவர்களுக்கே ஏற்றது.

மற்றவர்கள் முதலில் வடிகாலைத் திறக்க வேண்டும். நீர் நிற்கும்போது யூரியா இடுவது வீண். மூச்சில்லாத வேர் அதை எடுக்காது. வடிந்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவலாம். அதற்கு முன் இரண்டொரு குத்தைப் பிடுங்கிப் பார்ப்பது நல்லது. புதிய வெள்ளை வேர் தெரிந்தால் உரம் இடலாம்.