மாரிக்கு ஒரு மோட்டார் சைக்கிள்: இரண்டாவது வாகனம் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கியதும் கிழக்கு மாகாணத்துச் சிறு வியாபாரிகளின் வரவுசெலவு மாறிவிடுகின்றது. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை மழை. வயல் வீதிகளில் சேறு, களப்போரப் பாதைகளில் உப்பு நீர். இந்த மாதங்களில் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் முதலாளியை விட, மோட்டார் சைக்கிளில் சரக்கைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வியாபாரிக்கே பாதிப்பு அதிகம். அவருக்கு வாகனம் நின்றால் வியாபாரமும் நின்றுவிடும்.

சாய்ந்தமருதில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் பிஸ்கட்டும் இனிப்பு வகைகளும் விநியோகிக்கிறார். சம்மாந்துறை, இறக்காமம், வரிப்பத்தான்சேனை எனச் சிறு கடைகளுக்கு வாரம் இரு தடவை செல்வார். லீசிங்கில் புத்தம் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்து, வெயில் மழை பாராமல் அதையே ஓட்டினார். மூன்று மாரி கடந்து தவணைகள் முடிந்தபோது, சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது; செயினும் பெயாரிங்குகளும் இரு தடவை மாற்றப்பட்டிருந்தன. விற்கக் கொண்டுபோனபோது கேட்கப்பட்ட விலை அவரை வாயடைக்கச் செய்தது. தான் வாங்கிய வாகனத்தின் பெரும்பகுதியை மழைக்கே கொடுத்துவிட்டதை அவர் அன்றுதான் உணர்ந்தார்.

பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பலரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. அங்கு குளிர்காலத்தில் வீதியில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். எனவே, நல்ல வாகனத்தைக் கழுவித் துடைத்துக் கொட்டிலில் வைத்துவிட்டு, குளிர்காலத்துக்கென்றே மலிவான பழைய வாகனம் ஒன்றை வைத்திருப்பார்கள். நமது வீதிகளில் உப்புத் தூவுவதில்லை. ஆனால் கடற்காற்றும் களப்பு நீரும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஆகவே இந்த யோசனை நமக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துமா என்பதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு

இரண்டாவது வாகனத்தின் செலவு என்பது அதன் விலை மட்டுமல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம். தொகைகள் கணக்கின் முறையைக் காட்டுவதற்காகப் போடப்பட்டவை; உங்கள் ஊர் விலையை அவ்விடத்தில் இட்டுப் பாருங்கள்.

ஒரு பழைய மோட்டார் சைக்கிளை 150,000 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். டயர், செயின், பிரேக் என்று 50,000 ரூபா செலவாகின்றது. மூன்று வருடம் பாவித்து 110,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள். இழப்பு 90,000 ரூபா, அதாவது வருடத்துக்கு 30,000. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ஒயில், சில்லறைத் திருத்தம் ஆகியவற்றுக்கு இன்னும் ஒரு 30,000 என்று வைத்தால் வருடச் செலவு 60,000 ரூபா.

மாரியில் நீங்கள் 90 நாட்கள் வியாபாரத்துக்குச் செல்பவராயின், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 667 ரூபா. அந்த நாட்களில் கிடைக்கும் இலாபத்தோடும், நல்ல வாகனத்துக்கு மிஞ்சும் ஆயுளோடும் ஒப்பிட்டால் இது தாங்கக்கூடிய செலவாக இருக்கலாம். ஆனால் 20 நாட்கள் மட்டுமே செல்பவருக்கு அதே செலவு நாளொன்றுக்கு 3,000 ரூபா ஆகிவிடும். அவர் மழை நாட்களில் முச்சக்கர வண்டியொன்றை வாடகைக்குப் பிடிப்பதே இலாபம். அப்படிப்பட்டவர் இரண்டாவது வாகனத்தில் முதலை முடக்குவது வீண்.

இன்னொரு விடயம். இரண்டாவது வாகனத்தைக் கடனிலோ லீசிங்கிலோ எடுப்பதில் அர்த்தமில்லை. தேய்ந்து போகட்டும் என்று வாங்கும் பொருளுக்கு மாதாமாதம் தவணை கட்டினால் அது உதவியாக இல்லாமல் இன்னொரு சுமையாகிவிடும். கையில் இருக்கும் தொகைக்குள் வாங்குங்கள். அந்தத் தொகையிலும் நான்கில் ஒரு பங்கைத் திருத்தத்துக்கென ஒதுக்கிவிட்டே விலை பேசுங்கள். 200,000 ரூபா வைத்திருப்பவர் 200,000 ரூபா வாகனத்தைப் பார்க்கப் போகக்கூடாது.

எந்த வகை பொருத்தமானது?

மழைக்கு வாங்கும் வாகனத்தில் வேகமோ அழகோ தேவையில்லை. உதிரிப்பாகம் உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்க வேண்டும்; எந்த கராஜிலும் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வாகனம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இந்த வகையில் 100 சீசீ இந்திய மோட்டார் சைக்கிள்கள் முதலிடம் பெறுகின்றன. ஹீரோ ஹொண்டா, பஜாஜ் சீடீ 100 போன்றவற்றின் பாகங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. பெற்றோல் செலவும் குறைவு. பெட்டரி இறங்கினாலும் கிக்கரால் ஸ்டார்ட் செய்யலாம் என்பது மழையில் பெரிய ஆறுதல்.

நமது வாப்பாமார் காலத்திலிருந்து ஓடும் ஹொண்டா சீ 90 வகையையும் ஒதுக்கிவிட வேண்டாம். இது 1958இல் ஜப்பானில் அறிமுகமான சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் செயின் முழுமையாக மூடப்பட்டிருப்பதால் சேறும் மணலும் எளிதில் உள்ளே போகாது. முன்னாலுள்ள கவசம் காலில் சேறு அடிப்பதைக் குறைக்கும். மிகப் பழையவையாதலால் நல்ல நிலையில் உள்ளதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே குறை.

ஸ்கூட்டரில் காலடியில் சாமான் வைக்கலாம் என்று சிலர் விரும்புவர். ஆனால் அதன் சில்லு சிறியது. குழியில் எளிதில் தடுமாறும். நிலத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலான உயரமும் குறைவு. பெல்டில் இயங்கும் வகையாதலால், பெல்ட் பெட்டிக்குள் நீர் புகுந்தால் வழுக்கி இழுவை குறைந்துவிடும். நகர வீதிகளுக்குச் சரி, வயல் பாதைக்கு உகந்ததல்ல.

பெயின்டை வாங்காதீர்கள்

இறக்குமதித் தடையின் பாடத்தை நாம் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. விலை ஏறியதால் அவற்றின் தரம் ஏறிவிடவில்லை. ஓய்வு பெறவேண்டிய பல வாகனங்கள் பூச்சுப் பூசப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன.

ஒரு நண்பர் பளபளவென்றிருந்த ஒரு வாகனத்தை வாங்கி கராஜுக்குக் கொண்டு சென்றார். இருக்கையைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் சொன்னார்: “காக்கா, நீங்க பைக்க வாங்கல்ல. பெயின்டத்தான் வாங்கிருக்கீங்க.” இருக்கைக்குக் கீழே சட்டம் உக்கிப் போயிருந்தது. அந்தச் சட்டத்தை ஒட்டவைக்கச் செலவான பணத்தைச் சேர்த்தால், முதலிலேயே நல்ல வாகனமொன்றை வாங்கியிருக்கலாம்.

எனவே பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில், முடிந்தால் ஒரு மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். பின்வருவனவற்றைப் பாருங்கள்:

எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்கிறார்களோ என்று சந்தேகியுங்கள். ஆறவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீல நிறப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஒயில் எரிகின்றது என்று பொருள்.

ஒயிலைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போலிருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. ஹெட்லைட்டுக்குள்ளும், இருக்கைக்குக் கீழும், பின் விளக்குக்குள்ளும் காய்ந்த சேறு படிந்திருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வாகனமாக இருக்கக்கூடும்.

சட்டத்தைப் பாருங்கள். இருக்கையின் அடிப்பகுதி, ஸ்டாண்ட் பொருத்தப்பட்டுள்ள இடம், பின் சில்லைத் தாங்கும் மூட்டு ஆகியவற்றில்தான் துரு முதலில் பிடிக்கும். அவ்விடங்களில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால் காரணம் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பழைய டயர் காடு இருந்தாலும் இறுகிப்போய் ஈர வீதியில் வழுக்கும்.

பத்திரத்தைப் பாருங்கள். சட்டத்திலும் எஞ்சினிலும் உள்ள இலக்கங்களைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். முழு உரிமையாளராக லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு ‘ஓபன் பேப்பரில்’ ஓடுவது நம்மவரிடையே சாதாரணமாகிவிட்டது. நாளை விபத்தொன்று நேர்ந்தால் வாங்கியவர், விற்றவர் இருவருமே சிக்கலில் மாட்டுவர். தாமதியாமல் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதில் சிக்கனம் கூடாது?

மலிவான வாகனம் என்பதால் அதன் எல்லாப் பாகமும் மலிவாக இருக்கலாம் என்று எண்ணக்கூடாது. பெயின்ட் உரிந்திருக்கலாம்; டாங்கி நசுங்கியிருக்கலாம். டயர், பிரேக், விளக்கு, செயின் ஆகிய நான்கும் சரியாக இருந்தே ஆகவேண்டும். ஒதுக்கிவைத்த பணத்தை முதலில் இவற்றுக்கே செலவிடுங்கள்.

டிரம் பிரேக்குக்குள் நீர் புகுந்தால் பிடிப்புக் குறைந்துவிடும். ஆழமான நீரைக் கடந்ததும், மெதுவாக ஓடிக்கொண்டே பிரேக்கை இலேசாக அழுத்தி அதனைக் காயவையுங்கள். டிஸ்க் பிரேக் விரைவில் காய்ந்துவிடும். ஆனால் உப்பும் சேறும் சேர்ந்து அதன் பாகங்களை இறுகச் செய்துவிடும் என்பதால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

வீடு திரும்பியதும் எஞ்சின் ஆறிய பின் நல்ல நீரால் கழுவுங்கள். செயினுக்கு ஒயில் இடுங்கள். மழை ஓய்ந்து வாகனத்தை நிறுத்தும்போது காபரேட்டரிலுள்ள பெற்றோலை வடித்துவிட்டு, பெட்டரியைக் கழற்றி வையுங்கள். இவற்றைச் செய்யாமல் எட்டு மாதம் மூலையில் கிடந்த வாகனம் அடுத்த மாரியில் முதல் நாளே கராஜுக்குத்தான் போகும்.

பழையது என்பதற்காகத் துணியாதீர்கள்

இரண்டாவது வாகனம் வைத்திருப்போரிடம் ஒரு ஆபத்தான எண்ணம் வருவதுண்டு. “பழைய பைக்தானே, போனால் போகட்டும்” என்று வெள்ளத்தில் இறங்கிவிடுகிறார்கள். போவது பைக் மட்டுமல்ல. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரமே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அந்தத் துயரம் இன்னும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. உழவு இயந்திரத்தைப் புரட்டிய நீருக்கு மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்? வீதிக்குக் குறுக்கே நீர் இழுத்து ஓடினால் திரும்பிவிடுங்கள். அன்றைய ஓடர் அடுத்த நாளைக்கும் இருக்கும்.

சாய்ந்தமருதுச் சகோதரர் இப்போது மீண்டும் ஒரு நல்ல வாகனம் வாங்கியிருக்கிறார், இம்முறை கைக்காசுக்கு. கூடவே பெயின்ட் உரிந்த ஒரு பழைய 100 சீசீயும் அவர் வீட்டு வாசலில் நிற்கின்றது. முதல் மழை விழுந்ததும் நல்லது உள்ளே போகும். பழையது வெளியே வரும். பக்கத்து வீட்டார் கேலி செய்வதுண்டாம். சிரித்துவிட்டு, பிஸ்கட் பெட்டிகளைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுகிறார். சென்ற மாரியில் வாகனக் கோளாறினால் அவர் ஒரு நாளும் வீட்டில் நிற்கவில்லை.