மருதப் பாடல்களில் நகை: பரத்தமையும் நம்பிக்கை முறிவும்

ஆய்வுச்சுருக்கம்

சங்க அக இலக்கியத்தின் மருதத்திணை, பரத்தையிற் பிரிவையும் அதனால் எழும் ஊடலையும் பாடுபொருளாகக் கொண்டது. துயரும் சினமும் மிகுந்த இச்சூழலில் நகைச்சுவை இடம்பெறும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் பேராசிரியர் உரையும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. நற்றிணை, குறுந்தொகை, கலித்தொகை ஆகியவற்றின் தேர்ந்த பாடல்களும் திருக்குறளின் புலவி நுணுக்கமும் ஆய்வு எல்லையாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: மருதம், பரத்தமை, ஊடல், நகை, எள்ளல், மெய்ப்பாடு.

முன்னுரை

தலைவன் பரத்தையை நாடிப் பிரிவதும், மீண்டு வந்து வாயில் வேண்டுவதும், தலைவி ஊடுவதும் மருதத்தின் வழக்கமான நிகழ்வுகள். இவற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் தலைவியின் துயரையும் கற்புநெறியையும் முதன்மைப்படுத்தியுள்ளனர். எனினும் இப்பாடல்கள் பலவற்றில் சிரிப்பும் கேட்கிறது. அச்சிரிப்பு யாருடையது, யாரை நோக்கியது, அதனால் முறிந்த நம்பிக்கை சீராகிறதா என்னும் வினாக்கள் இங்கு எழுப்பப்படுகின்றன.

தொல்காப்பியர் கூறும் நகை

மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். இவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் இருவகையாக விளக்குகிறார். பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தானே நகுவது மற்றொன்று. மருதப் பாடல்களின் நகையை வகைப்படுத்த இவ்விளக்கம் பெரிதும் துணைபுரிகிறது.

பொய்யை வளர்த்து எள்ளுதல்

மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலியில் (கலி. 66-100) தலைவன் காலந்தாழ்த்தி வந்ததற்குக் காரணங்கள் கற்பிக்கிறான். கடவுளரிடத்துத் தங்கினேன் என்கிறான் (93). குறும்பூழ்ப் போர் கண்டேன் (95), குதிரை ஏறினேன் (96), யானை ஏறினேன் (97) என்றும் கூறுகிறான். தலைவி இவற்றைப் பொய்யெனக் கடிந்து தள்ளிவிடுவதில்லை. அப்பொய்யையே ஏற்றுக்கொண்டு மேலும் வளர்க்கிறாள். அவன் ஏறிய குதிரையைத் தானும் அறிவதாகக் கூறி, பரத்தையின் அணிகலன்களையே குதிரையின் அணிகளாக வருணிக்கிறாள். அவன் மறைப்பதற்காகச் சொன்ன சொல்லே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. ஏமாற்றப்பட்டவள் அறியாதவள் அல்லள் என்பதை நிறுவுவதற்கு நகை இங்குக் கருவியாகிறது.

பரத்தையின் சிரிப்பு

பரணர் பாடிய நற்றிணை 100ஆம் பாடலில் சிரிப்பவள் பரத்தை. தலைவிக்குப் பாங்கானோர் கேட்குமாறு அவள் பேசுகிறாள். தலைவன் தன் கூந்தலைப் பற்றி வளையையும் கவர்ந்தபோது, இதனை உன் மனைவியிடம் உரைப்பேன் என்றதாகவும், அதைக் கேட்டு அவன் நடுங்கியதை நினைக்குந்தோறும் நகைப்பதாகவும் கூறுகிறாள். அந்நடுக்கத்திற்கு, மலையன் முன்னிலையில் வயிரியர் இசைக்கும் முழவின் அதிர்வு உவமையாகிறது. இம்மலையனை மலையமான் திருமுடிக்காரி எனக் கொள்வர். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் எருமப்பட்டிக்கு அருகே உயர்ந்து நிற்கும் கொல்லிமலையின் தலைவன் ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரனுக்கு அளித்தவன் காரி என அகநானூறு (209) குறிப்பிடுகிறது. அத்தகைய வீரனின் புகழ்முழவு, மனைவிக்கு அஞ்சும் ஒருவனின் நடுக்கத்திற்கு உவமையாகும்போது அப்பொருத்தமின்மையே நகையைத் தோற்றுவிக்கிறது.

குறுந்தொகை 8இல் ஆலங்குடி வங்கனாரின் பரத்தை, தன்னிடம் பெருமொழி பேசியவன் தன் வீட்டில் மனைவி விரும்பியதைச் செய்யும் கண்ணாடிப் பாவையாக இருக்கிறான் என்கிறாள். இவ்விரு பாடல்களிலும் எள்ளப்படுபவன் தலைவனே. ஆனால் எள்ளல் சென்று சேரும் செவி தலைவியைச் சார்ந்தோருடையது. எனவே இச்சிரிப்பு தலைவியையும் தைக்கிறது என்பதை மறுக்க இயலாது.

சிதைந்த சாந்தும் தும்மலும்

நற்றிணை 250இல் நகுபவன் தலைவன். தெருவில் சிறுதேருடன் நடை பயிலும் புதல்வனை அவன் தழுவுகிறான். குழந்தையின் வாய் பட்டு மார்பின் சாந்து கலைகிறது. அந்நிலையில் தலைவியை நெருங்க, அவள் அதனை வேறாக உணர்ந்து, வெருண்ட பெண்மான் போல விலகி, நீ யார் என வினவி நிற்கிறாள். அவன் பாணனை அழைத்து, இதை நினைத்து நகுவோம் வா என்கிறான். எள்ளப்பட்டவன் தானே நகும் இரண்டாம் வகை இது. தலைவன் இப்போது குற்றமற்றவன். எனினும் குழந்தையின் எச்சில்கூட அவனுக்கு எதிரான சான்றாகிறது. முன்பு அவன் செய்த பொய்களே இன்றைய உண்மையையும் ஐயத்திற்கு உள்ளாக்கின.

திருக்குறளின் புலவி நுணுக்கம் இவ்வையத்தை அதன் எல்லைவரை கொண்டுசெல்கிறது. தலைவன் தும்மியதும் வாழ்த்திய தலைவி, யார் நினைத்ததால் தும்மினீர் எனக் கேட்டு அழுகிறாள் (1317). தும்மலை அடக்கினாலோ, நினைப்பவரை மறைக்கிறீரோ எனக் கேட்டு அழுகிறாள் (1318). வள்ளுவரின் தலைவன் பரத்தையிடம் சென்றவனாக இக்குறள்களில் காட்டப்படவில்லை. மருதத்தில் குற்றத்தின் விளைவாக இருந்த ஐயம், இங்கு அன்பின் மிகுதியாக மாறுகிறது. படிப்போர் வருத்தமின்றி நகைக்க முடிவது இதனாலேயே.

முடிவுரை

மருதத்தின் நகை மூன்று நிலைகளில் அமைகிறது. தலைவி பொய்யை அறிந்தமையை நகையால் உணர்த்துகிறாள்; பரத்தை தலைவனின் இரட்டை வாழ்வை வெளிப்படுத்துகிறாள்; தலைவன் தன் சொல்லும் செயலும் நம்பப்படாத நிலையைக் கண்டு தானே நகுகிறான். இவற்றுள் எதுவும் பிரிவைச் சிறு குற்றமாக்கவில்லை. தலைவி இறுதியில் வாயில் நேர்ந்தாலும், அது அவள் ஏமாந்ததனால் அன்று என்பதை இந்நகை பதிவுசெய்கிறது. கற்பு, பொறுமை என்னும் கருத்துகளால் மட்டும் மருதத் தலைவியை மதிப்பிடும் போக்கு மறுபரிசீலனைக்கு உரியது என்பதும் இதனால் பெறப்படுகிறது.