உதறிய உப்பு

திண்டுக்கல் என்றதும் வெளியூர் நண்பர்கள் பூட்டைத்தான் சொல்வார்கள். தோல் ஷாப்பைச் சொல்பவர் குறைவு. நம் கிணற்று நீரின் கதையோ அங்கே இருக்கிறது.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். ஊறவைக்கும் தொட்டியில் அவ்வுப்பு கரைந்து கழிவுநீரில் சேரும். பதனிடப் பயன்படும் குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு சேர்த்து வீழ்படிவாக்கி மீட்கலாம். உப்பு அவ்வாறு வீழ்படிவாகாது. நுண்ணுயிர்களும் அதைத் தின்பதில்லை. சவ்வின் வழியே வடித்து, மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்கலாம், பெருஞ்செலவு. நனைக்குமுன் உதறிவிடுவதே எளிது.

1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. சரி, தீர்ப்பு முதலாளியின் மேசைக்கு வரும். உப்பை உதற வேண்டியது தொழிலாளியின் கையல்லவா? சூழல் அக்கறை பணியிடப் பழக்கமாவது எப்படி?

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அங்கே தோல் எண்ணிக்கைக்குத்தான் கூலி. உதறும் நேரத்துக்கு ஒன்றுமில்லை. சுவரில் மட்டும் "நீரைக் காப்போம்" என்று எழுதியிருந்ததாம்! "உதறிக்கிட்டு நின்னா வீட்ல உலை கொதிக்குமா தம்பி?" என்றார். பிறகு வந்த மேலாளர் உதறுவதையும் கூலிக்கணக்கில் சேர்த்தார். அந்த வாரமே மூலையில் உப்பு குவிந்துவிட்டதாம்.

"குவியலுக்குக் கூரை போட்டார்களா?" என்று கேட்டேன். மழையில் கரைந்தால் மறுபடி நிலத்துக்குத்தானே போகும்! பெரியவர் சிரித்தார். கூரை அடுத்த ஆண்டுதான் வந்ததாம்.