மரியெம்மா

மரியெம்மா (1917 – 2008) எசுப்பானிய நடனக் கலைஞர், நடன அமைப்பாளர், ஆசிரியர். இயற்பெயர் கியெர்மினா மார்த்தினெஸ் கப்ரேகாஸ். எசுப்பானிய நடனம் என்றாலே பிளமேன்கோ என்று உலகம் எண்ணியிருக்க, அது நான்கு கிளைகள் கொண்ட மரபு என்று வகுத்துக் காட்டி, அந்த வகுப்பையே பாடத்திட்டமாக்கியவர் இவர்.

இளமை

வயதோலித் மாகாணத்தின் இஸ்கார் என்னும் ஊரில் பிறந்தார். இவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பாரிசில் குடியேறியது. அங்கு ஷாத்லே அரங்கில் பாலே பயின்றார். எசுப்பானிய நடனத்தின் செவ்வியல் வடிவமான பொலேரா மரபையும் பாரிசிலேயே பிரான்சிஸ்கோ மிராயெஸ் என்ற ஆசிரியரிடம் கற்றார் என்பது வியப்புக்குரியது. பிளமேன்கோவை மட்டும் எசுப்பானியாவில், எல் எஸ்தாம்பியோ என்ற கலைஞரிடம் பயின்றார்.

மேடை வாழ்க்கை

1940களில் எசுப்பானியாவில் தனிநிகழ்ச்சிகள் வழங்கிப் பெயர் பெற்றார். பியானோக் கலைஞர் என்ரிக்கே லுசுரியாகா நெடுங்காலம் இவருடன் வாசித்தார். 1955இல் சொந்த நடனக் குழுவைத் தொடங்கினார்.

காசுதானெத்து எனப்படும் கைத்தாளக் கட்டையை இசைப்பதில் இவர் தேர்ந்தவர். இக்கட்டைகள் இரண்டு இணைகளாக இருக்கும். கனத்த ஒலியுடைய இணை 'ஆண்', அது இடக்கையில். மெல்லிய ஒலியுடையது 'பெண்', அது வலக்கையில். கால் ஒரு தாளத்தில் செல்ல, விரல்கள் வேறொரு தாளத்தை எழுப்ப வேண்டும். நம் நட்டுவனாரின் தாளத்தை ஆடுபவரே தம் கையில் ஏந்தியிருப்பதாகக் கொண்டால் இதன் கடினம் விளங்கும்.

நான்கு கிளைகள்

முதலாவது, கோத்தா முதலிய வட்டார நாட்டுப்புற ஆட்டங்கள். இரண்டாவது பொலேரா, 18ஆம் நூற்றாண்டில் உருப்பெற்று, பாலேயின் கால்வேலையும் எசுப்பானியக் கை அசைவும் கலந்து, மென்காலணியில் ஆடப்படுவது. மூன்றாவது, அந்தலூசியாவின் பிளமேன்கோ. நான்காவது, பாயா, அல்பேனிசு போன்றோரின் இசைக்கு, முந்தைய மூன்றையும் தேவைக்கேற்ப இணைத்து அமைக்கும் மேடை நடனம்.

இவற்றுள் பொலேரா பற்றியே கவலைப்பட வேண்டியிருந்தது. பிளமேன்கோவுக்கு உலகெங்கும் பார்வையாளர் இருந்தனர். நாட்டுப்புற ஆட்டம் ஊர்த் திருவிழாக்களில் வாழ்ந்தது. பொலேராவோ சில ஆசிரியர்களின் நினைவிலும் உடலிலும் மட்டுமே தங்கியிருந்தது. அவர்கள் மறைந்தால் அடவுகளும் மறையும்.

ஆசிரியப் பணி

1969இல் மத்ரித் அரசு நாடக, நடனக் கல்லூரியின் நடனப் பிரிவுக்குத் தலைமையேற்றார். ஒரு கிளையில் மட்டும் தேர்ந்தவரை முழுமையான எசுப்பானிய நடனக் கலைஞராக இவர் ஏற்கவில்லை. மாணவர் நான்கையும் கற்க வேண்டும் என்றார். இன்றும் எசுப்பானிய அரசு நடனக் கல்விக்கூடங்களில் எசுப்பானிய நடனம் இந்நான்கு பிரிவுகளாகவே கற்பிக்கப்படுகிறது.

1984இல் எசுப்பானியத் தேசிய நடனக் குழுவுக்காக 'தான்சா இ திரோனியோ' என்ற படைப்பை அமைத்தார். பொலேராவின் நுட்பங்களைப் பெருமேடையில் காட்டிய படைப்பு அது. தம் முறையை 1997இல் நூலாகவும் வெளியிட்டார்.

மத்ரித்தில் உள்ள அரச நடனக் கல்விக்கூடம் ஒன்று இவர் பெயரைத் தாங்குகிறது. பிறந்த ஊரான இஸ்காரில் இவருக்கு அருங்காட்சியகம் உள்ளது.