உப்பளக் கரையில் செம்புப் பட்டை

மரக்காணத்தில் உப்பு வாருவது நிற்கும் மாதங்களில்தான் நத்தை தலைகாட்டுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் உப்புப் பாத்திகளில் மழைத் தண்ணீர் ஏறிவிடும். உப்பளத் தொழிலாளிகள் வீட்டோடு இருப்பார்கள். மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய் அந்த வேலையில்லாத மாதங்களுக்குத்தான். அதே மழைதான், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீட்டுக் கொல்லைகளில் கீரையையும் கத்தரி நாற்றையும் ராவோடு ராவாக மொட்டையடிக்கும் இந்தப் பிராணியையும் எழுப்பிவிடுகிறது. விடிந்து பார்த்தால் இலையில் நரம்பு மட்டும் மிச்சமிருக்கும். தொட்டி விளிம்பில் காய்ந்த பசைக்கோடு மினுங்கும்.

உப்பு விளைகிற ஊரில் இதற்கு வைத்தியம் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? ஒரு பிடி அள்ளிப் போடு என்பார்கள். நத்தை சாகவும் செய்யும். அதன் உடம்பு பெரும்பாலும் தண்ணீர்; உப்புப் பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே இழுபட்டு, நுரை தள்ளி, சுருண்டுவிடும். சிக்கல் நத்தையோடு முடிவதில்லை. பதினைந்து கிலோ மண் பிடிக்கும் குரோ பேக் ஒன்றில் மூன்று லிட்டர் ஈரம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 30 கிராம் உப்பு கரைந்தால் லிட்டருக்கு 10 கிராம் ஆகிவிடும். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளப்பார்கள்: மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் தாண்டினாலே பீன்ஸ் காய்ப்பு குறையத் தொடங்கும், மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5. நான்கைத் தாண்டினால் அது உவர் மண். கிணற்றுத் தண்ணீரே கரிக்கிற கடலோரத்தில் நம் கையாலும் உப்பைச் சேர்ப்பது, நத்தை தின்ன வேண்டியதை நாமே தின்று முடிப்பதாகும்.

மண்ணைக் கெடுக்காத வேலி எது என்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் செம்புப் பட்டையில் வந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் பசை தடவிய மெல்லிய செம்புத் தகடு. தொட்டியைச் சுற்றி ஒட்டிவிட வேண்டியதுதான். நத்தையின் பசை செம்போடு வினைபுரிந்து, லேசாக மின்சாரம் தொட்டதுபோல் அதைத் திரும்பிப் போக வைக்கிறது என்பது விளக்கம். வெளிநாட்டுத் தோட்டக்காரர்களிடம் இது பழைய நம்பிக்கை. நம் பக்கம் மாடித் தோட்டக்காரர்கள் வழியாக வந்தது. எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: இது மலிவாக எங்கே கிடைக்கும்?

தோட்டப் பொருள் என்று பெயர் ஒட்டி விற்பதை விட்டுவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போவது முதல் வழி. மின்காந்த இடையூறைத் தடுக்கவும் கிடார் உள்பக்கம் ஒட்டவும் விற்கிற செம்புப் பட்டையும் இதே தகடுதான். சென்னைக்குப் போகிறவர்கள் ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம். அதிலும் பசையே மின்சாரம் கடத்தும் ரகம் விலை கூடுதல். நத்தைக்கு அது தேவையில்லை.

வாங்கும்முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 35 மைக்ரான் கனம், 25 மில்லிமீட்டர் அகலம், 20 மீட்டர் நீளமுள்ள சுருளில் இருக்கும் செம்பு கிட்டத்தட்ட 157 கிராம். ஒரு கிலோ செம்பில் இப்படி ஆறு சுருள் வந்துவிடும். ஆறு சுருளின் விலையையும் கிலோ செம்பின் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பசைக்கும் அட்டைப் பெட்டிக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும். ஓர் அடி குறுக்களவுள்ள தொட்டியைச் சுற்ற ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். ஆக, ஒரு சுருள் இருபது தொட்டிக்கு.

மலிவாகக் கிடைப்பதில் செம்பு நிறம் பூசிய பிளாஸ்டிக்கும் உண்டு. ஒரு துண்டைக் கிழித்துத் தீக்குச்சியைக் காட்டினால் பிளாஸ்டிக் சுருண்டு உருகும். செம்பின் பசைதான் கருகும், தகடு அப்படியே இருக்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கழிவுக் கம்பி வாங்கிச் சுற்றலாமே என்பார்கள். அந்தக் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கிறது. உப்புத்தாள் போட்டுச் சுரண்டாவிட்டால் நத்தையின் மேல் செம்பே படாது. எர்த்திங்குக்குப் போடும் 25க்கு 3 மில்லிமீட்டர் பட்டை மீட்டருக்கு 670 கிராம் எடை வரும். அதை நத்தைக்குப் போடுகிறவர் வீட்டுக்கு நத்தைக்கு முன்னால் வேறு யாராவது வந்துவிடுவார்கள். கைக்கு அடங்குவது வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய துண்டுகள். காயலான் கடையில் கிடைப்பதும் அதுதான். பிளாஸ்டிக்கை உரித்து, உள்ளே இருக்கும் இழைகளைப் பிரித்துப் பட்டையாகப் பரப்பிக் கட்டலாம்.

இவ்வளவு அலைந்து வாங்கியது வேலை செய்யுமா? இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் இதைச் சோதித்தது. 108 லெட்டூஸ் செடிகளை வைத்துச் செம்புப் பட்டை, முட்டை ஓடு, சரளை, பைன் மரப்பட்டைத் துண்டு, கம்பளி உருண்டை என்று ஐந்தையும் போட்டுப் பார்த்து, தடுப்புப் போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் நத்தை கடித்ததில் வித்தியாசம் இல்லையென்று 2018இல் அறிவித்தது. ஆனால் கலிபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் அடியில் செம்புத் தகடு சுற்றுவது கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே சொல்லும் முறை. இரண்டும் முரண் மாதிரித் தெரிந்தாலும் முரணில்லை என்றே நினைக்கிறேன். தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்ட மரத்தில் ஏற, நத்தைக்கு அடிமரம் ஒன்றுதான் வழி. தொட்டியிலோ நத்தையும் முட்டையும் ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும். வெளியே பட்டை கட்டுவது திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுகிற வேலை.

இங்கே இன்னும் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. உப்புக் காற்றில் செம்பு சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் தேய்க்கலாம்தான்; தலைமயிரில் பாதி கனமுள்ள தகடு எத்தனை தேய்ப்பைத் தாங்கும்? இரண்டாவது, நத்தையின் அளவு. ஒரு விரல்கடை அகலப் பட்டை சின்ன நத்தைக்குச் சரி. ஆப்பிரிக்க ராட்சத நத்தை உடம்பை நீட்டினால் அதை ஒரே எட்டில் தாண்டிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் இந்தப் பிராணியை 1847இல் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டவர் பென்சன் என்ற நத்தை ஆராய்ச்சியாளர். பிடித்த பொருளை ஊரெல்லாம் பரப்புகிற ஆசைக்கு இதைவிடப் பெரிய தண்டனையை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க முடியாது. இந்த நத்தை ஒரு தடவையில் நூறு முட்டைக்குமேல் இடும். வறட்சி வந்தால் ஓட்டுக்குள் அடைந்துகொண்டு மாதக்கணக்கில் கிடக்கும்.

கேரளத்தில் இது பெருந்தொல்லை ஆனபோது அங்கே பரிந்துரைத்த மருந்திலும் செம்புதான் இருக்கிறது, தகடாக இல்லாமல் மயில்துத்தமாக. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். இன்னொரு லிட்டரில் 60 கிராம் மயில்துத்தத்தைக் கரைத்து, இரண்டையும் கலந்து நத்தை மேல் தெளிக்க வேண்டும். மயில்துத்தத்தோடு சுண்ணாம்பு சேர்ந்தால் போர்டோ கலவை. 1885இல் மில்லார்டே வெளியிட்ட இது திராட்சையின் பூஞ்சை நோய்க்கானது. அதைப் பூசிய அடிமரத்தில் ஏறவும் நத்தை தயங்கும். பட்டையோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். ஆனால் செம்பு மண்ணில் மக்காது, தங்கிவிடும். தண்ணீரில் இறங்கினால் மீனையும் இறாலையும் கொல்லும். மரக்காணத்தின் வடிகால் போய்ச் சேரும் கழுவெளி ஈரநிலமோ 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழை கொட்டும் நாளில் மயில்துத்தம் தெளிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

என்னைக் கேட்டால் சாக்குதான் முதல். நனைத்த கோணிச் சாக்கைச் சாயங்காலம் பாத்தி ஓரத்தில் விரித்து, அதனடியில் கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டுவையுங்கள். இரவு எட்டு மணிக்குமேல் டார்ச் எடுத்துக்கொண்டு போனால் மொத்தமாகக் கையில் கிடைக்கும். செடிக்கு மாலையில் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றினாலே வருகை குறையும், ஏனென்றால் இரவில் ஈரமில்லாத மண்ணில் நத்தை அதிகம் ஊராது. கையுறை கட்டாயம். எலி நுரையீரல் புழு என்னும் ஒட்டுண்ணி இந்த நத்தையில் இருக்கலாம். உடம்புக்குள் போனால் மூளைக் காய்ச்சல்வரை கொண்டுபோகும். பிள்ளைகளைப் பொறுக்க விடாதீர்கள். மூலத்துக்கு நல்லதென்று வாங்கிச் சமைக்கிற வயல் நத்தை வேறு: அதன் ஓட்டு வாயில் மூடி இருக்கும், ஆப்பிரிக்க நத்தைக்கு மூடியே கிடையாது.

பொறுக்கியதை என்ன செய்வது? மரக்காணத்து உப்புக்கு இந்தத் தோட்டத்தில் உள்ள ஒரே இடம் இங்கேதான். ஒரு பக்கெட் தண்ணீரில் லிட்டருக்கு 200 கிராம் வீதம் கல்லுப்பு கரைத்து, நத்தைகளை அதில் போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் கம்பி வலைக் கரண்டியால் அள்ளி, செடிகளுக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். உப்புத் தண்ணீரைக் கொட்டவே வேண்டாம்; மூடி வைத்தால் அடுத்தடுத்த ராத்திரிகளுக்கும் ஆகும். முட்டைகள் மிளகு அளவில் மஞ்சள் கலந்த வெள்ளையாக, மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்தில் கொத்தாகக் கிடக்கும். தொட்டி மண்ணை மாற்றுகிறபோது கண்டால் அவற்றையும் அதே பக்கெட்டில் போடுங்கள். பழைய மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, அதன்பிறகு வேண்டுமானால் செம்புப் பட்டை ஒட்டுங்கள்.