உங்களுக்குத் தெரியுமா? ஆயுதமில்லாத சீருடைப் படை

பொது சுகாதாரத்துக்கென்றே அமெரிக்காவில் ஒரு சீருடைப் படை உண்டு. 1889-இல் சட்டப்படி அமைந்தது. ஆயுதம் கிடையாது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பொறியாளர் எல்லாரும் அதில் அதிகாரிகள். தலைமையில் இருக்கும் சர்ஜன் ஜெனரலுக்கு வைஸ் அட்மிரல் பதவி. ராணுவத் தளபதிகளுக்கு இருப்பதுபோல அவருக்கும் 'எய்டு-டி-கேம்ப்' என்ற சீருடை உதவியாளர் உண்டு. பயணம், சந்திப்புகள், விழா நடைமுறை, கூட்டத்துக்கான குறிப்புகள் எல்லாம் இவர் பொறுப்பு.

நம்மிடமும் பொது சுகாதாரத் துறையின் தொடக்கத்தில் ராணுவப் பட்டங்கள் இருந்தன. கிண்டி கிங் நிலையம், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த லெப்டினன்ட் கர்னல் கிங்கின் பெயரைத் தாங்கியது.

தலைமைக்குத் துணை நிற்போர் நம் பக்கமும் உண்டு. பழைய நெல்லை மாவட்டத்தில் சங்கரன்கோவில் தனி சுகாதார மாவட்டமாக இருந்தது. அதற்கென ஒரு துணை இயக்குநர் இருந்தார். அவர் மேசைக்கு வந்த காய்ச்சல் கணக்கும் தடுப்பூசிப் பட்டியலும் கிராம சுகாதாரச் செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள் கால்நடையாகத் திரட்டியவை. அவருக்கு உண்மையான பக்கபலம் இவர்கள்தான். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் திரளும்போது குடிநீரில் குளோரின் போதுமா என்று தொட்டி தொட்டியாகப் பார்ப்பதும் சுகாதார ஆய்வாளர்களின் வேலையே.